பிடித்தவற்றைத் தேர்வு செய்க

இரண்டு ஊசியும் இடது கையில் ஏறியாகிவிட்டது, இனி மதியம் தாண்டும்வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது, அது மிஷினுடைய கை என்று அஞ்சலாட்சி அதை அப்படியே விட்டுவிட்டு வலது கையால் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். திண்டிவனத்து டயாலிசிஸ் சென்டரில் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. ஒன்று விட்டு ஒரு நாள் வந்து படுக்கிறாள். உடம்பிலிருக்கிற ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மிஷினுக்குள் சுற்றி, சுத்தமாகி இன்னொரு குழாயில் திரும்பி வரும். முதல் மாதம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், நம்முடைய ரத்தம் நம்மை விட்டு வெளியே போகிறதே, திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று. இப்போது பார்ப்பதில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் ரயிலைப் பார்ப்பதில்லையே, அந்த மாதிரி. போனைத் திறந்ததும் முதலில் வந்தது சிறுநீரகம். அவரை விதை மாதிரி சிவப்பாக ஒன்று சுற்றிக்கொண்டே இருக்க, இந்த அறிகுறிகள் இருந்தால் உஷார் என்றது ஒரு ஆண் குரல். தள்ளினாள். வாழைத்தண்டுச் சாறு. தள்ளினாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், டாக்டரோ டாக்டர் வேஷமோ, விரலை ஆட்டி இதை மட்டும் சாப்பிடாதீர்கள் என்றார். எதை என்று அவர் சொல்வதற்குள் தள்ளினாள். அப்புறம் அது வந்தது. நேற்றும் வந்தது, முந்தாநாளும் வந்தது. மாலையும் கழுத்துமாக ஒரு ஆணும் பெண்ணும் நிற்கிற படம், அதன்மேல் மஞ்சள் எழுத்தில், மனைவிக்குக் கிட்னி கொடுத்த கணவன், கடைசியில் நடந்தது என்ன? அதை அவள் இதுவரை தொட்டதில்லை. தொடாமல் கட்டைவிரல் மட்டும் அதன்மேல் நின்றுகொண்டிருக்கும். கடைசியில் என்றால் எது கடைசி. ஆபரேஷன் முடிந்த அன்றைக்கா, பத்து வருஷம் கழித்தா. இரண்டு பேரில் யாருக்கு. மாலை போட்டிருக்கிறார்களே, கல்யாண மாலையா, இல்லை, ச்சே, உயிரோடு நிற்கிறவர்களைப் பார்த்து என்ன நினைப்பு இது. தள்ளினாள். அதுவோ எங்கேயும் போகாது என்று அவளுக்குத் தெரியும், நாளைக்கு மறுபடி வரும்.

பொருந்துதாம் என்று சிவக்கொழுந்து சொன்னது போன வாரம். காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அரசு பஸ்ஸில் டிரைவர், பாண்டிச்சேரி வண்டி ஓட்டுகிறார், சட்டையை எப்போதும் அவரேதான் மடிப்பார், காலர் மடங்கக் கூடாது அவருக்கு. ஆஸ்பத்திரியில் டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்ததை அதுவரை அவளிடம் மூச்சு விடவில்லை. ரத்த வகை ஒன்றாம், மற்றதெல்லாம் ஒத்துப்போகிறதாம், ஒரு கிட்னி எடுத்துவிட்டாலும் ஆள் பழையபடி வண்டி ஓட்டலாமாம், டாக்டரே சொன்னார் என்று சட்டையைப் பார்த்தே சொல்லி முடித்தார். அஞ்சலாட்சி அடுப்பைப் பார்த்தபடி பாக்கலாம் என்றாள். அவ்வளவுதான். ஒரு மனுஷன் தன் உடம்பிலிருந்து ஒரு உறுப்பை எடுத்துத் தருகிறேன் என்கிறான், அவளுக்கு வாயில் வந்தது பாக்கலாம். சந்தையில் கத்திரிக்காய்க்காரன் கூப்பிட்டால் சொல்கிற பாக்கலாம். அதற்கப்புறம் அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, இவளும் பேசவில்லை, சாப்பாடு போட்டாள், சாப்பிட்டார், டியூட்டிக்குப் போனார், வந்தார். அந்தப் பேச்சு மட்டும் வீட்டுக்குள் ஒரு விருந்தாளி மாதிரி, உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றுகொண்டே இருந்தது. புதுக் கிட்னியை வலது பக்க அடிவயிற்றில் வைப்பார்களாம். பழைய இரண்டையும் எடுக்க மாட்டார்களாம், அதுபாட்டுக்கு உள்ளேயே சுருங்கிக் கிடக்குமாம். அப்படியானால் அவளுக்கு மூன்று. அவருக்கு ஒன்று. காலையில் அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறபோது உள்ளே கேட்கிற சத்தத்தை அஞ்சலாட்சி காது கொடுத்துக் கேட்பாள், வெட்கம் என்ன இருக்கிறது, கேட்கத்தான் செய்வாள். பொறாமையாக இருக்கும். அவளுக்கு ஒன்றுக்கு வருவது நின்றே போயிற்று. டிரைவர்களுக்கோ அடக்கி அடக்கிப் பழக்கம், மரக்காணம் தாண்டி, கூனிமேடு தாண்டி, பஸ் நிலையம் போய்ச் சேருகிறவரை அடக்குகிற கிட்னி அது. அது இவளுக்குள் வந்தால் இங்கேயும் டிரிப் முடியட்டும் என்று காத்திருக்குமோ. சிரிப்பு வந்தது, சிரித்தால் ஊசி அசையும் என்று அடக்கிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதை அவள் வந்ததும் பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி படுத்தாள். அது ரவூப் பாயின் கட்டில். மரச்சாமான் கடை வைத்திருந்தவர், காது மந்தம், போனில் மீன் பிடிக்கிற வீடியோவாகப் போட்டுப் பார்ப்பார், சத்தம் வார்டு முழுக்கக் கேட்கும். தூண்டிலில் பெரிய மீன் மாட்டினால் மாஷா அல்லா என்று தொடையில் தட்டுவார், தட்டிய கையில் ஊசி இருக்கும், மிஷின் கத்தும், டெக்னீசியன் ஜெசிந்தா ஓடி வருவாள். இன்றைக்கு அந்தக் கட்டிலில் புதிதாக விரித்த விரிப்பு, மூலையெல்லாம் சுருக்கமில்லாமல். புது விரிப்பு என்றால் என்ன அர்த்தம். இங்கே வருகிறவர்கள் வராமல் போனால் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. போன தீபாவளிக்குப் பிறகு கதவோரக் கட்டிலிலிருந்த டீச்சரம்மா வரவில்லை, ஒரு வாரம் கழித்து அங்கே வேறு ஒருவர் படுத்திருந்தார், அவ்வளவுதான் செய்தி. கேட்கலாமா. கேட்டால் ஜெசிந்தா சொல்வாள். சொல்லிவிட்டால் அப்புறம் அது நிஜம். அஞ்சலாட்சி போனையே பார்த்தாள். போனில் மறுபடி சிறுநீரகம். "என்னக்கா, டயாலிசிஸ்ல இருந்துகிட்டே டயாலிசிஸ் வீடியோ பாக்கறீங்க?" என்று தலைமாட்டில் குரல். ஜெசிந்தாதான், பிரஷர் பார்க்க வந்தவள். "நான் எங்க பாக்கறேன் சிஸ்டர், அதுவா வருது." "அதுவா வராதுக்கா. நீங்க அதுமேல நிக்கறீங்க. நின்னா, இந்தம்மாவுக்கு இதுதான் பிடிக்கும்போலன்னு அது நெனச்சிக்கும்." தொடாமல் நின்றாலுமா. தொடாமல் நின்றாலும்தானாம். ஜெசிந்தா போனை வாங்கி எங்கெங்கோ அழுத்தினாள். "இந்தா, இங்க தலைப்பு தலைப்பா இருக்கு பாருங்க. சமையல், சினிமா, தோட்டம், எல்லாம் இருக்கு. உங்களுக்குப் பிடிச்சத ஃபாலோ பண்ணிவிடுங்க. வேணாங்கறது வந்துச்சின்னா இந்த மூணு புள்ளிய அழுத்தி ஆர்வம் இல்லைன்னு குடுங்க. ரெண்டு நாள்ல மாறிடும். எனக்கெல்லாம் பூனைக்குட்டி தவிர ஒண்ணுமே வராது." பிரஷர் பட்டை வலது மேல்கையை இறுக்கிப் பிடித்து, அடங்கியது. கொஞ்சம் ஏறியிருக்கு என்று எழுதிக்கொண்டு அவள் போய்விட்டாள். ரவூப் பாயைப் பற்றிக் கேட்கிற நேரம் அதுதான், அது போய்விட்டது.

பிடித்தவற்றைத் தேர்வு செய்க என்றது போன். குறைந்தது மூன்று. அதற்குக் கீழே கட்டம் கட்டமாகத் தலைப்புகள், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. அஞ்சலாட்சிக்கு என்ன பிடிக்கும்? இதென்ன கேள்வி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் அவள். மூன்றாம் வகுப்பு சுடர்மணி முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் எடுத்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள், ஐந்தாம் வகுப்பில் ஒருத்தன் கொண்டைக்கடலை போடுகிற அன்றைக்கு மட்டும் இரண்டாம் தடவை தட்டை நீட்டுவான், சாம்பாரில் கேரட் கிடந்தால் யார் யார் ஒதுக்குவார்கள் என்று வரிசையில் நிற்கிற தலைகளைப் பார்த்தே சொல்வாள். சிவக்கொழுந்துக்குக் குழம்பு மறுநாள்தான் பிடிக்கும். ஓசூரில் வேலை பார்க்கிற மகள் மதிவதனிக்குத் தோசை ஓரம் முறுகியிருக்க வேண்டும், நடுவில் முறுகக் கூடாது. அஞ்சலாட்சிக்கு? ஜூஸ் கடையில் அவர் என்னம்மா வேணும் என்றால் உங்களுக்கு என்னவோ அதுவே என்பாள். அது பணிவு ஒன்றும் இல்லை, யோசிக்கிற வேலை மிச்சம் என்றுதான் இருந்தாள். யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. கேட்டார்கள், இவள் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு நாளாவட்டத்தில் கேட்பது நின்றிருக்கும். இப்போது இந்தப் போன் கேட்கிறது, மூன்று சொல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறது. சமையல் என்பதை அழுத்தினாள். இருபது வருஷமாக அதைத்தானே செய்கிறாள். கோலம் என்பதை அழுத்தினாள், பெண்பிள்ளை, வேறு என்ன. மூன்றாவதாக பக்தி. மூன்றும் நீலமாக மாறின. நன்றி, உங்கள் பக்கம் தயாராகிறது என்றது போன், ஒரு வட்டம் சுற்றியது. கல்யாண மண்டபத்தில் வரவேற்பில் நிற்கிறவர்கள் மாதிரி ஒரு மரியாதை. அவளுக்கு லேசாக ஒரு எதிர்பார்ப்புகூட வந்தது, உள்ளே என்ன வைத்திருக்கிறார்களோ என்று.

உள்ளே வைத்திருந்தது தக்காளி. ஒரு கூடைத் தக்காளியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் தோலை உரித்தார்கள். அடுத்தது இளநீர்ப் பாயாசம். அடுத்தது வாழைப்பூ வடை, அதை ஒருத்தி வாய் நிறையக் கடித்துக் கண்ணை மூடிக் காட்டினாள். அஞ்சலாட்சி சாப்பிடக் கூடாதவை எல்லாம் வரிசையாக வந்தன. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னார், அதற்கப்புறம் தக்காளியைப் பார்த்தால் அவளுக்குத் தக்காளி தெரியாது, நின்றுபோன ஒன்று தெரியும். மூன்று புள்ளியை அழுத்திச் சமையலை எடுத்துவிட்டாள். நாக்கு வறண்டது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், குடித்தது வெளியே போக வழியில்லை, உள்ளேயே தங்கி நுரையீரலுக்கு ஏறும். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வாள். தாகத்தை நினைக்காமலிருக்க எதையாவது அழுத்தலாம் என்று பட்டியலில் இயற்கை என்று கண்ணில் பட்டதை அழுத்தினாள். மரம் வரும், பறவை வரும் என்று பார்த்தால் வந்தது அருவி. பாறை விளிம்பிலிருந்து வெள்ளையாகக் கொட்டுகிற தண்ணீர், கீழே நாலைந்து பேர் தலையைக் கொடுத்து, வாயைத் திறந்து, குடிக்கவும் செய்தார்கள், சிரித்துக்கொண்டே. எவ்வளவு தண்ணீர், யாரும் அளக்காத தண்ணீர். அவள் தள்ளவில்லை. தொண்டைக்குழி தானாக ஏறி இறங்கியது. முழு அருவியும் தன்மேல் விழுந்துவிட்டுத் தன் வழியே வெளியே போவதாக ஒரு நிமிஷம் நினைத்தாள், அந்த நினைப்பில் உடம்பு முழுக்க ஒரு ஆசை எழுந்தது, வெட்கப்படும்படியான ஆசை, இந்த வயதில் இப்படி ஒரு ஆசை எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. மிஷின் ஒரு தடவை கத்தி, தானே அடங்கியது. அருவியையும் எடுத்துவிட்டாள். ஆர்வம் இல்லை. பொய்தான். ஆனாலும் அதை அழுத்தினாள்.

அருவி போன இடத்தில் மாலையும் கழுத்துமாக அந்த இரண்டு பேரும் வந்து நின்றார்கள். கடைசியில் நடந்தது என்ன? சரி, இன்றைக்குப் பார்த்துவிடுவது. மூன்று நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருப்பதற்குப் பார்த்தே தொலைக்கலாம். அழுத்தினாள், மஞ்சள் எழுத்து போய் ஒரு குரல் வந்தது. இவர்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம், மனைவிக்குக் கிட்னி செயலிழந்தது, கணவன் தயங்காமல் முன்வந்தார், ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு பெரியவர் இவர்களைச் சந்தித்தார், ஒரு மூலிகைப் பொடியைக் கொடுத்தார், ஆபரேஷனே தேவைப்படவில்லை. பொடி வேண்டுவோர் கீழே உள்ள எண்ணுக்கு. அவ்வளவுதான். அஞ்சலாட்சி போனை மார்மேல் கவிழ்த்து வைத்தாள். பொடி விற்கிறவன். மூன்று நாளாக அவள் தூக்கத்தைத் தின்றவன் ஒரு பொடி விற்கிறவன். கோபம் வரவில்லை, ஒரு மாதிரி ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஏதோ ஒரு கடைசி தெரிந்திருந்தால்கூடத் தேவலை என்று. ஏனென்றால் பயம் அந்த வீடியோவில் இல்லை. பயம் நாத்தனார் பேச்சில் இருந்தது, போனில் அழுதாளே கனகாம்புஜம், "அவன் ஸ்டியரிங் புடிக்கிறவன் அஞ்சலை, ஒரு பஸ்ஸு சனம் அவன் கையில, நீ நல்லா யோசிச்சிக்க, நான் வேணாம்னு சொல்லல" என்று, கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டு வைத்திருக்கலாம், அவள் தம்பிக்காக அழுகிற ஒரு அக்கா. பயம் இன்னொரு இடத்திலும் இருந்தது. எடுத்து வைத்த பிறகு அவளுடைய உடம்பு அதை ஏற்காமல் போனால். அவருடையது இவளுக்குள் வந்து வீணாகப் போனால். அதுகூடப் பரவாயில்லை, அதைவிடச் சின்னதாக ஒரு பயம் இருந்தது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எப்போதோ ஒரு நாள், ஒன்றுமில்லாத ஒரு சண்டையில், உப்பு கூடிப்போனதற்கோ எதற்கோ, அவர் சொல்லிவிட்டால். என் உடம்ப அறுத்துக் குடுத்தேன்டி என்று. சொல்ல மாட்டார். சொல்லாமல் நினைத்துக்கொண்டால்? நினைக்கவும் மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம், நினைப்பாரோ என்று இவள் நினைத்துக்கொண்டே இருப்பாளே, ஆயுசுக்கும் உப்பு பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த வம்பே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்தக் கட்டில். இந்தக் கட்டில், அப்புறம் ஒரு நாள் புது விரிப்பு. கால் ஆடுசதை இழுத்துப் பிடித்தது. "சிஸ்டர்!" என்று கத்திவிட்டாள்.

ஜெசிந்தா வந்து மிஷினில் எதையோ குறைத்து, பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்து அழுத்தினாள். வலி மெதுவாக அவிழ்ந்தது. அவிழ்ந்த அந்த வேகத்திலேயே, யோசிப்பதற்குள், "பாய் எங்க சிஸ்டர்?" என்று கேட்டும்விட்டாள். ஜெசிந்தா காலை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள். "பாயா? விடியக்காலை ஷிப்டுக்கு மாத்திக்கிட்டாருக்கா. பேத்தி ஸ்கூல் விட்டு வர்றப்போ வீட்டுல இருக்கணுமாம். இன்னிக்கு ஆறு மணிக்கே வந்து எங்க எல்லாரையும் மீன் பாக்க வச்சிட்டுத்தான் போனாரு." அஞ்சலாட்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காலையிலிருந்து அவரைக் கொன்று, குளிப்பாட்டி, தூக்கிக்கொண்டு போயும் வந்துவிட்டாள், அவர் வீட்டில் உட்கார்ந்து பேத்திக்காகக் காத்திருக்கிறார். கேட்க எடுத்தது ஒரு மூச்சு நேரம். அதைக் கேட்காமல் எவ்வளவு நேரம் படுத்திருந்தாள். "பயந்துட்டீங்களா?" என்றாள் ஜெசிந்தா. "ஆமா" என்றாள். ஜெசிந்தா பாதத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

மறுபடி போனை எடுத்தாள். அதில் கோலங்களும் பக்திப் பாட்டும் மிஞ்சியிருந்தன, கோலத்தை ஒருத்தி டம்ளரை உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பார்த்துக்கொண்டே கிடக்கத் தோன்றவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றது எதை? வாழ்க்கையில் ஒரு தடவையாவது காலை அந்த இடத்தைவிட்டு எடுக்க மனசில்லாமல் நின்றது எதற்கு? வந்தது ஒன்று. கேட்டால் சிரிப்பார்கள். பைபாஸில் காற்றாலை இறக்கை. மதிவதனி அப்போது கைக்குழந்தை. கனகாம்புஜம் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு சிவக்கொழுந்தின் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள், ரோட்டை மறித்து ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. லாரியா அது. முன்னால் தலை மட்டும் லாரி, பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு இறக்கை, ஒரு தெருவை அப்படியே பெயர்த்து எடுத்துப் படுக்கவைத்த நீளம், அதன் கடைசி எங்கோ தள்ளி இன்னொரு சக்கரக் கூட்டத்தின்மேல் இருந்தது. அது சின்னக் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். முன்னால் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கையில் ஒரு பெட்டியோடு நடந்து வந்தான், அதிலிருக்கிற பொத்தானை அழுத்தினால் பின்சக்கரம் மட்டும் தனியாகத் திரும்பியது. இறக்கை மெதுவாக, மிக மெதுவாக, டீக்கடைக் கூரையை ஒரு சாண் இடைவெளியில் தடவாமல் கடந்து, புளியமரத்துக்கு வழிவிட்டு, சுற்றியது. யாரும் கத்தவில்லை. அவ்வளவு பெரிய பொருள் அவ்வளவு சாதுவாகப் போவதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. வண்டியை விட்டு இறங்கி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். வழி கிடைத்ததும் மற்ற வண்டிகளெல்லாம் புறப்பட்டுப் போயின. இவளுக்குப் போக மனசில்லை, அது முழுசாகத் திரும்பி நேராகிற வரைக்கும் பார்க்க வேண்டும். சிவக்கொழுந்து என்ன செய்தார் அப்போது? ஏன் நிற்கிறாய் என்று கேட்டாரா? கேட்கவில்லை. வண்டியை ஓரமாக ஸ்டாண்டு போட்டார். குழந்தையை வாங்கிக்கொண்டார். இரு, திரும்பட்டும் என்றார். கிரகப்பிரவேசத்தில் பால் பொங்கி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள், அக்காக்காரி பிடித்துத் திட்டினாள், வண்டி பஞ்சர் என்று அவர் ஒரு பொய் சொன்னார். அன்றைக்கு அவள் எதையும் கேட்கவில்லையே. கேட்காமலேயே அது வேண்டும் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்போல. காற்றாலை இறக்கை லாரி என்று ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். இருந்தது! அதற்கும் ஒரு தலைப்பு இருந்தது, உலகம் முழுக்க அதைப் பார்க்கிற கிறுக்கர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஃபாலோ என்பதை அழுத்தினாள். எந்த நாடோ, பனி படிந்த மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு, ஒரு இறக்கை அதில் ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் கம்பளித் தொப்பி போட்டவன் பெட்டியோடு நடந்தான். அது முடிந்ததும் இன்னொன்று, ஒரு சின்ன ஊர், ஜன்னலோரம் நின்று பார்க்கிற கிழவிகள். அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரஷர் பட்டை இறுக்கியது, அடங்கியது, ஜெசிந்தா வந்து நல்லா இருக்கு என்று எழுதிக்கொண்டு போனதும் தெரியவில்லை. பயமெல்லாம் எங்கும் ஓடிவிடவில்லை, நாத்தனார் இருந்தாள், உப்பு இருந்தது, ஏற்காமல் போகிற உடம்பு இருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்ற ஒன்றும் உட்கார்ந்திருந்தது. இது போதாது, இன்னும் வேண்டும். சும்மா சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள், சத்தமில்லாமல். வேண்டும். பழக்கமில்லாத சொல், பல்லில் மாட்டிய மாதிரி இருந்தது.

மிஷின் நின்று, ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டுப்போட்டு, எடை பார்த்து அனுப்பியபோது வெளி வராந்தாவில் சிவக்கொழுந்து காக்கியிலேயே நின்றிருந்தார். நேராக டிப்போவிலிருந்து வந்திருக்கிறார். "தலை சுத்துதா?" என்று பையை வாங்கிக்கொண்டார். "இல்ல. கொஞ்சம் உக்காரலாம்ங்க." இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு ஆள் தினசரிப் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷன் வச்சிக்கலாம்ங்க" என்றாள்.

பையின் வாரைச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். "அக்கா எதுனா பேசிச்சா?"

"பேசினாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நானா சொல்றேன்."

"ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்குப் பயமா இருக்கு அஞ்சலை" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. புயலடித்தபோது கடலோர ரோட்டில் பஸ்ஸைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வந்து பசிக்குது என்று உட்கார்ந்த ஆள். "எப்பலருந்து?" என்று கேட்டாள்.

"டெஸ்ட்டு குடுத்த நாள்லருந்தே. கண்ண மூடினா மயக்க ஊசி போடற மாதிரியே வருது. திரும்ப எழுந்திருப்பனான்னு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "அப்ப என்ன பண்ணலாங்கற? வேணாமா?"

அஞ்சலாட்சியின் வாயில் பதில் தயாராக இருந்தது. வேணாம் விடுங்க, இப்படியே பாத்துக்கலாம். சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிப்போன வாக்கியம், வாயைத் திறந்தால் தானாக வழுக்கி விழுந்துவிடும். சொல்லிவிட்டால் அவர் முகம் தெளிந்துவிடும், இரண்டு பேரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வேணும்" என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, பேப்பர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "எனக்கு வேணும். உங்களுக்குப் பயமா இருந்தா ரெண்டு பேருமா போயி டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேப்போம். நாளாவட்டும், காத்திருக்கேன். கடைசில உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, நான் கோவிச்சிக்க மாட்டேன். ஆனா வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்ல முடியாது."

சிவக்கொழுந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகத்தைக் கையால் ஒரு தடவை மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு வாரமா நான் தூங்கியிருப்பேனே" என்றார். "நீ பாட்டுக்குப் பாக்கலாம்னிட்ட. சரி, என்னுது உனக்கு வேணாம்போலருக்குன்னு நெனச்சிட்டேன்."

அவளுக்கு அது தோன்றவே இல்லை. அந்த ஒரு வாரமும் படுத்தும் எழுந்தும் அந்தப் பேச்சின் மூலை முடுக்கெல்லாம் போய்ப் பார்த்தவளுக்கு இந்த ஒரு மூலை தெரியாமலே போயிருந்தது. அவர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"டாக்டர் இன்னும் இருப்பாரு. பாத்துட்டே போயிடலாம், வாங்க."

"இப்பவேவா?"

"இப்பவேதான்."

அவர் பையைத் தோளில் மாட்டினார். காக்கிச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார், பெரிய ஆபீசர் யாரையோ பார்க்கப் போகிற மாதிரி. வாசல் பக்கம் திரும்பாமல் இரண்டு பேரும் டாக்டர் அறையைப் பார்த்து நடந்தார்கள்.